பதினொரு நாள் மூதாதை

அத்தியாயம் 14

ஒரு பொய்யை வைத்துக்கொண்டு முப்பது வருடம் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சங்கத் தலைவர்களாக இருப்பார்கள். செயலாளர்களுக்கு அந்த வசதி கிடையாது.

கெல்டர்பெக் சங்கத்தின் செயலாளர் தெல்மா கெல்டர்பெக், சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சாண்ட்விச்சுக்காக அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறல். ஜூலை மாதம்தான், ஆனால் யார்க்‌ஷயர் மலைக்கு அதையெல்லாம் யார் சொல்வது?

போன வாரம் அவளை டெலிபோனும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். ஹார்த்வெயிட் சர்ச்சின் பழைய பதிவேடுகளையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்த மறுநாள், அண்ணன் மகள் பிலிப்பா கூப்பிட்டாள். "அத்தை, சனிக்கிழமை சீக்கிரமே வந்துடறேன். அப்பா இல்லாத நேரமா உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றாள். வைத்துவிட்டாள். 

"எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் வந்தார் டெஸ்மண்ட்.

தெல்மாவின் அண்ணன். எழுபத்துநான்கு வயது. ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். சங்கத்தின் நிறுவனர், நிரந்தரத் தலைவர், ஒரே எதிர்க்கட்சியும் அவரே. காலை ஆறரைக்கே டை கட்டியிருந்தார்.

"நாப்பது" என்றாள் தெல்மா.

எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"ஒண்ணு குறையுது."

"ஒண்ணு உடைஞ்சுது. நான் தின்னுட்டேன்."

"தின்னா சொல்லணும்ல, தெல்மா? கணக்குன்னா கணக்கு."

டெஸ்மண்ட் எதையும் இரண்டு தரம் எண்ணாமல் விட மாட்டார். நாற்காலிகளை எண்ணுவார். வந்தவர்களை எண்ணுவார். மலைப்பாதையில் நடக்கப் போனால் எதிரே வரும் ஆடுகளை எண்ணுவார். அவருடைய மனைவி மரியன் உயிரோடு இருந்தபோது, அவர் முத்தங்களையும் எண்ணுகிறாரோ என்று ஊரில் ஒரு சந்தேகம் இருந்தது.

"இன்னொரு விஷயம்" என்றார். குரல் உடைந்த ஹார்மோனியம் மாதிரி வந்தது. "புல்லு அறுக்கற சீசன் வந்தாலே எனக்குத் தொண்டை போயிடுது. இன்னிக்குப் பெயர் வாசிப்பு நீதான் பண்ணணும்."

தெல்மாவின் கையிலிருந்த முட்டை வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது.

"முப்பத்தெட்டு" என்றார் டெஸ்மண்ட்.

* * *

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

கெல்டர்பெக் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் உலகத்தில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். டெஸ்மண்ட் எண்ணியிருக்கிறார். பெயரின் சரித்திரம் ரொம்பச் சின்னது. கெல்ட் என்றால் இந்தப் பக்கத்துப் பழம்பேச்சில் ஊற்று, பெக் என்றால் ஓடை. மலைச்சரிவில் ஊற்றோடைப் பக்கமாகக் குடியிருந்த எவனையோ, அடுத்த பண்ணைக்காரன் அடையாளத்துக்காக அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். அவனுக்கு வேறு அடையாளம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

இதை டெஸ்மண்ட் முந்நூற்று நாற்பது பக்கத்தில் எழுதினார். முதல் நாற்பது பக்கம் வைக்கிங் போர்க்கப்பல்கள். கப்பலில் வந்த மாவீரர்கள் கடலை விட்டு ஐம்பது மைல் தள்ளி ஆடு மேய்க்க ஏன் வந்தார்கள் என்று விளக்க இன்னும் பன்னிரண்டு பக்கம்.

ஆனால் அவருடைய வரைபடம் நிஜமாகவே அழகானது. ஆறடிக்கு நாலடி. ஒவ்வொரு கெல்டர்பெக்குக்கும் ஒரு குண்டூசி. இருநூறு வருடம் அந்தப் பெயர் இரண்டு பள்ளத்தாக்குகளை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. பிறகு பஞ்சாலைகள் வந்தன. பெயர் மலை ஏறி இறங்கி லாங்கஷயருக்குப் போய், பர்ன்லியில் இருபத்திரண்டு ஊசியாக மொய்த்துக்கொண்டது. டர்ஹம் நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு. தெற்கே கென்ட்டில் மூன்றே மூன்று. ஒரு வண்டிக்காரன் வழி தவறிப் போய் அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டதன் விளைவு அது. கடல் தாண்டி ஒன்டாரியோவில் கொஞ்சம், டாஸ்மேனியாவில் கொஞ்சம். டாஸ்மேனியாவுக்குப் போனவர் "குடியேற்ற முன்னோடி" என்று புத்தகம் சொல்லும். அவரை அனுப்பிவைத்தது நீதிமன்றம் என்பதும், காரணம் திருடுபோன ஒரு ஆடு என்பதும் அடிக்குறிப்பில் இருக்கும்.

ஊசிகளில் இரண்டு நிறம். மேல் கெல்டர் பண்ணையின் நேர் வாரிசு என்று ஆதாரத்தோடு நிரூபித்தவர்களுக்குப் பச்சை. மற்றவர்களுக்கு மஞ்சள். சட்டையில் குத்தும் பேட்ஜும் அதே நிறத்தில்தான். பச்சை பேட்ஜ்காரர்கள் ஓட்டுப் போடலாம். மஞ்சள் பேட்ஜ்காரர்கள் டீ குடிக்கலாம்.

வருடா வருடம் ஜூலையில் கூட்டம். கூட்டத்தின் உச்சம் பெயர் வாசிப்பு. மூதாதையர் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தலைவர் வாசிப்பார். தன் கிளையின் மூதாதை பெயர் வந்ததும் அந்தக் கிளைக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஆம்ப்ரோஸ் என்ற பெயரை வாசிக்கும்போதுதான் நாற்காலிகளின் சத்தம் அதிகமாக இருக்கும். டெஸ்மண்டும் தெல்மாவும் அந்தக் கிளைதான்.

இந்த வருடம் ஆம்ப்ரோஸுக்கு ஒரு கல்வெட்டும் வைக்கிறார்கள். சிலேட்டுக் கல். "மேல் கெல்டர் பண்ணையின் வாரிசு ஆம்ப்ரோஸ் கெல்டர்பெக், ஞானஸ்நானம் 1741. நம் எல்லோருக்கும் தந்தை." மூன்று மணிக்குத் திரை விலக்கல். அதற்குப் பிறகு சர்ச் வாசலில் பதித்துவிடுவார்கள். பதித்தால் பதித்ததுதான்.

* * *

பிலிப்பா ஒன்பது மணிக்கு வந்தாள். ஊர் மண்டபத்தில் தெல்மா வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். பிலிப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. லீட்ஸில் கண் மருத்துவமனையில் வேலை. வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"அப்பா எங்க?"

"நாற்காலி எண்ணிட்டு இருந்தாரு. இப்ப கார் நிறுத்தற இடத்தை எண்ணப் போயிருக்காரு."

பிலிப்பா சிரிக்கவில்லை. செல்போனை எடுத்து நீட்டினாள். பழுப்புத் தாள், கோணல் எழுத்து. தெல்மா கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளத் தேவையும் இல்லை. அந்த வரியை அவள் தினமும் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அடக்கப் பதிவேடு அத்தை. 1741, மே பதினாலு. 'ஆம்ப்ரோஸ், மேல் கெல்டர் பண்ணை ராபர்ட் கெல்டர்பெக் மகன், கைக்குழந்தை.' மே மூணாந்தேதி ஞானஸ்நானம். பதினோரு நாள்ல குழந்தை செத்துப்போச்சு."

தெல்மா ஒரு குண்டூசியைத் தேடுவது போல் பெட்டிக்குள் பார்த்தாள்.

"செத்துப்போன குழந்தைக்கு அப்பா கல்யாணம் பண்ணி வச்சிருக்காரு. ஒன்பது பிள்ளைங்க வேற. இன்னிக்குக் கல்வெட்டும் வைக்கப்போறாரு." பிலிப்பா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பதிவேட்டை நீங்கதான படி எடுத்தீங்க?"

"நான்தான்."

"குளிர்ல உக்காந்து எழுதியிருப்பீங்க. கிறுக்கல் கையெழுத்து வேற. ஒரு வரி கண்ணு தவறிப்போச்சு. அவ்வளவுதான அத்தை?"

தப்பித்துக்கொள்ள ஒரு கதவு திறந்திருந்தது. நல்ல அகலமான கதவு. கண் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண்ணே, கண் தவறியது என்று சான்றிதழ் கொடுக்கிறாள்.

"அவ்வளவுதான்" என்றாள் தெல்மா.

"அப்பாடா." பிலிப்பா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். சரி, மூணு மணிக்குள்ள அப்பாகிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். யாரோ ஒரு வெளியாள் இணையத்துல பார்த்துட்டு, கல்வெட்டு மேல காறித் துப்பறதுக்கு முன்னாடி."

"சொல்றேன்."

"பாவம் நீங்க. இத்தனை வருஷமா தெரியாமலே இருந்திருக்கீங்க."

தெல்மா வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

* * *

நடந்தது இதுதான்.

முப்பது வருடத்துக்கு முந்தைய குளிர்காலம். மரியன் இறந்து மூன்று மாதம். டெஸ்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி இருந்தார். எதையும் எண்ணவில்லை. அதுதான் தெல்மாவைப் பயமுறுத்தியது. தன் அறையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

சர்ச் பெட்டகத்தில் கிடந்த பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படி எடுத்து மாலையில் கொண்டுவந்து வைப்பாள். அப்போது மட்டும் அவர் முகத்தில் ரத்தம் ஓடும். பென்சிலை எடுப்பார். மறுநாள் சர்ச்சுக்குப் போய் மூலத்தோடு ஒப்பிடுவார். பக்கத்தின் அடியில், "எண்ணப்பட்டது. சரி. டெ. கெ." என்று எழுதுவார். ஆம்ப்ரோஸ் அத்தியாயத்தை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் அதை வாசித்தும் காட்டியிருந்தார். மரியன் போன பிறகு அன்றுதான் முதல் தடவையாக இரண்டாம் தரம் சூப் கேட்டார்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்தக் கைக்குழந்தை கிடந்தது.

தெல்மா பேனாவை வைத்துவிட்டுக் கையை ஊதிச் சூடாக்கிக்கொண்டாள். சூப் ஞாபகம் வந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டாள். முப்பது அடக்கம் இருந்த பக்கத்தில் இருபத்தொன்பதுதான் எழுதினாள்.

அவர் ஒப்பிடும்போது கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். கண்டுபிடித்துவிடட்டும் என்றும் நினைத்தாள். மறுநாள் அந்தப் பக்கம் திரும்பி வந்தது. அடியில், "எண்ணப்பட்டது. சரி. டெ. கெ."

எண்ணாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். எதையும் நம்பாத மனிதர், தங்கை எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார். பொய்யைவிட அந்த நம்பிக்கைதான் அவளை முப்பது வருடமாக அறுத்தது.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. டெரெக் வந்தார்.

டெரெக் கெல்டர்பெக், பர்ன்லிக்காரர், பஸ் டிரைவர். அப்போது முப்பத்தாறு வயது. தெல்மாவுக்கு முப்பத்தொன்று. சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வந்தவர், பிறகு கூட்டம் இல்லாத நாட்களிலும் வந்தார். இருவரும் சேர்ந்து கல்லறைக் கற்களைத் தேய்த்துப் பெயர் படிப்பார்கள். ஊரில் பேசிக்கொண்டார்கள். கல்லறையில் காதல் வளர்ப்பது இந்தப் பக்கத்தில் ஒன்றும் புதிதில்லை. மழைக்கு ஒதுங்க மரம் உள்ள இடம் அது ஒன்றுதான்.

டெரெக்கின் வீட்டு பைபிளில் ஒரு குறிப்பு இருந்தது. மேல் கெல்டர் பண்ணையில் பால் கறக்கும் வேலைக்கு ஹான்னா என்று ஒரு பெண் இருந்தாள். பண்ணைக்காரருக்கே தூரத்துச் சொந்தம், அதே குடும்பப் பெயர். 1743-ல் அவளுக்கு ஒரு பிள்ளை. அதற்கும் ஆம்ப்ரோஸ் என்றே பெயர். தகப்பன் பெயர் எழுதப்படவில்லை. ஏழை விடுதியில் வளர்ந்த அந்தப் பையனிலிருந்துதான் இரண்டு கிளையும் வந்தது, உங்களுடையதும் எங்களுடையதும் என்று ஒரு நாள் டெஸ்மண்டிடம் சொன்னார் டெரெக்.

டெஸ்மண்ட் எழுந்து நின்றார். "ரெண்டு ஆம்ப்ரோஸ் இருந்திருக்காங்க. ஒருத்தர் பண்ணை வாரிசு. அவர் எங்களோட ஆள். இன்னொருத்தன் விடுதிப் பையன். அவன் உங்களோட ஆள். வேணும்னா வச்சுக்குங்க."

அன்று சாயங்காலம் சர்ச் வாசலில் டெரெக் தெல்மாவைக் கேட்டார். "அடக்கப் பதிவேட்டை நீதான எழுதின கண்ணு? அந்தப் பண்ணைக் குழந்தை பொழைச்சுதா? பதிவேட்டுல ஏதாவது பார்த்தியா?"

"இல்ல" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மறுவாரம் கமிட்டி கூடி பர்ன்லி கிளையை மஞ்சளுக்கு மாற்றியது. இருபத்திரண்டு பச்சை ஊசிகளைப் பிடுங்கி, அதே ஓட்டைகளில் இருபத்திரண்டு மஞ்சள் ஊசிகளைக் குத்தியது தெல்மாவின் கைதான். டெரெக் போய்விட்டார். போகும்போது கோபப்படக்கூட இல்லை.

* * *

மத்தியானம் பன்னிரண்டரைக்கு மண்டபம் நிரம்பத் தொடங்கியது. டாஸ்மேனியாவிலிருந்து ஒரு ஆடு வளர்ப்பவர் வந்திருந்தார். பரம்பரை ஆர்வம் விட்டுப்போகவில்லை. ஒன்டாரியோவிலிருந்து இரண்டு சகோதரிகள் ஒரே மாதிரி மழைக்கோட்டில் வந்து, எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார்கள். டீ பாய்லரையும் எடுத்தார்கள்.

தெல்மா வாசலில் மேஜை போட்டு பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். மூன்று தடவை அண்ணனைத் தேடிப் போனாள். முதல் தடவை அவர் மைக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை டாஸ்மேனியாக்காரருக்கு ஆட்டு அடிக்குறிப்பை விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை கல்வெட்டை மூடியிருந்த பச்சை வெல்வெட் துணியை மெதுவாகத் தடவி நேராக்கிக்கொண்டிருந்தார், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில். திரும்பி வந்துவிட்டாள்.

"மஞ்சள் பேட்ஜ் ஒண்ணு குடு கண்ணு. சட்டைக்கு அதுதான் எடுப்பா இருக்கும்."

அவள் நிமிரவில்லை. அந்தக் குரலுக்கு நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை.

"டெரெக்."

"ஆமா. இன்னும் சாகலை." தொப்பியை எடுத்தார். தலையில் முடிக்குப் பதிலாக மழைத் துளிகள் இருந்தன. "மூணு பஸ் மாறி வந்தேன். மூணு டிரைவரும் மோசம். ஒருத்தன் வளைவுல பிரேக் போடறான், அடப்பாவி."

"ஏன் வந்தீங்க? இவ்வளவு வருஷம் கழிச்சு..."

"வீட்டுக்காரி போய் நாலு வருஷம் ஆச்சு. சனிக்கிழமைல என்னதான் பண்றது? பேப்பர்ல கல்வெட்டுன்னு போட்டிருந்தான். நம்ம பேரைக் கல்லுல பார்த்துட்டு வரலாம்னு வந்தேன்." வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம ஊசியெல்லாம் அப்படியே இருக்கு போல. தூசி தட்டி வச்சிருக்க."

"டெரெக், நான் உங்ககிட்ட..."

"அட, விடு கண்ணு. உங்கண்ணன் பண்ணதுக்கு நீ என்ன செய்வ? நீ பாத்ததை எழுதின. உன்மேல எனக்கு எப்பவும் வருத்தம் கிடையாது." மேஜையில் குனிந்து மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டு பைபிளே பொய்யோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எங்கப்பா சாகற வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தாரு. நான் நம்பலை. தெல்மா பொய் சொல்ல மாட்டாள்னு அவர் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்."

பேட்ஜைக் குத்திக்கொண்டு டீ இருக்கும் பக்கமாகப் போனார்.

தெல்மா பேட்ஜ் பெட்டியை மூடினாள். ஊசி ஒன்று உள்ளங்கையில் ஏறியிருந்தது. அது மஞ்சளா பச்சையா என்று பார்க்காமல் பிடுங்கிப் போட்டாள்.

* * *

இரண்டரை மணி. பெயர் வாசிப்பு.

டெஸ்மண்ட் மேடையில், கல்வெட்டுக்குப் பக்கத்தில். முன்வரிசையில் பிலிப்பா, அத்தையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், சொல்லியாச்சா என்று. தெல்மா தலையை அசைத்தாள், இல்லை என்று. பிலிப்பா எழப்போனாள். அதற்குள் டெஸ்மண்ட் மைக்கைத் தட்டினார்.

"என் குரல் ஒத்துழைக்க மறுக்கிறது" என்று கரகரத்தார். "முப்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் முதுகெலும்பாக இருப்பவர், ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடாத என் தங்கை, இன்று வாசிப்பார்."

கைத்தட்டல். கடைசி வரிசையில் டெரெக் டீக் கோப்பையைத் தொடையில் வைத்துவிட்டுப் பலமாகவே தட்டினார்.

தெல்மா தாளைப் பிரித்தாள். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை. அங்கங்கே சிலர் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மேல் கெல்டர் பண்ணை ராபர்ட் கெல்டர்பெக். அவர் மகன் ஆம்ப்ரோஸ். ஞானஸ்நானம், 1741 மே மூன்று."

நாற்காலிகள் தடதடத்தன. முப்பத்தெட்டு பேர் எழுந்தார்கள். டாஸ்மேனியாக்காரர் மார்பில் கை வைத்துக்கொண்டார். ஒன்டாரியோ சகோதரிகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். டெஸ்மண்ட் நிமிர்ந்து, ஒரு கையை வெல்வெட் துணியின் மேல் வைத்தபடி நின்றார்.

தாளில் அடுத்த வரி 1768-ல் நடந்த கல்யாணம். தெல்மா தாளை இரண்டாக மடித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"அடக்கம்" என்றாள். "1741 மே பதினாலு."

மடித்த தாளைப் பைக்குள் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "அது கைக்குழந்தை. பதினோரு நாள்தான் இருந்துச்சு. அதுக்கு வாரிசு கிடையாது."

யாரும் உட்காரவில்லை. நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல் முப்பத்தெட்டு பேர் முழங்காலைப் பாதி மடக்கியபடி நின்றார்கள். முந்நூற்று நாற்பது பக்கத்தின் கம்பீரம் அப்படி அரைகுறையாக அந்தரத்தில் தொங்கியது.

"அப்ப நாங்கல்லாம் யாரு?" என்றார் டாஸ்மேனியாக்காரர். நியாயமான கேள்விதான். பதினேழாயிரம் சொச்சம் கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறார்.

"ஆம்ப்ரோஸ், 1743. அம்மா பேரு ஹான்னா கெல்டர்பெக், மேல் கெல்டர் பண்ணைல பால் கறந்தவ. அப்பா பேரு எழுதலை. புள்ள ஏழை விடுதில வளர்ந்துச்சு. நாம எல்லாரும் அந்தப் புள்ளையோட வழி. அந்த வழில வந்தவங்க எழுந்திருங்க."

கடைசி வரிசையில் ஒரு கோப்பை தட்டோடு உரசியது. டெரெக் எழுந்தார். நடுவயதில் பஸ் ஓட்டிப் பழுதான இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முழுசாக எழுந்தார்.

பிலிப்பா எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இது யாரோட தப்பும் இல்ல. பழைய கையெழுத்து. அத்தை படி எடுக்கும்போது ஒரு வரி கண்ணு தவறிப்..."

"தவறலை, பிலிப்பா."

"அத்தை, வேண்டாம்."

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பார்த்தேன். படிச்சேன். விட்டுட்டேன். முப்பது வருஷமா அந்தக் குழந்தைய நான் அடக்கம் பண்ண விடலை." அவள் பார்வை கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனது. "ஒருத்தர் என்கிட்ட நேரா கேட்டாரு. இல்லைன்னு சொன்னேன். அவரோட ஊசிகளை நானேதான் பிடுங்கினேன்."

டெரெக் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் சிரிப்பின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. பிறகு அதுவும் போயிற்று.

"கேட்டேனே கண்ணு" என்றார். அவ்வளவுதான். கோப்பையை நாற்காலியில் வைத்தார். மஞ்சள் பேட்ஜைக் கழற்றிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். பஸ் இரண்டு ஐம்பதுக்கு.

தெல்மா மேடையை விட்டு இறங்க ஒரு படி வைத்தாள்.

"தெல்மா."

அண்ணன். மைக் இல்லாமல், உடைந்த குரலில்.

அவள் திரும்பினாள். இந்த நிமிஷத்துக்காகத்தான் முப்பது வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள். இடிந்துபோவார், நாற்காலியில் சாய்வார், பொய் சொல்கிறாய் என்று கத்துவார், நிஜமா என்று கெஞ்சுவார். உன்னை நம்பினேனே என்பார். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

டெஸ்மண்டின் கை இன்னும் வெல்வெட் துணியின் மேல்தான் இருந்தது. முகத்தில் அதிர்ச்சி இல்லை. சலித்துப்போன ஒரு கோபம் மட்டும் இருந்தது, நன்றாக நடந்துகொண்டிருந்த வகுப்பை யாரோ மணியடித்துக் கலைத்துவிட்ட மாதிரி.

"ஏன் இன்னிக்கு?" என்றார்.

தெல்மா படியிலேயே நின்றாள். காலையில் ஒரு முட்டை குறைந்ததற்கு இரண்டு தரம் எண்ணிய மனிதர். நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில், பென்சிலில், "எண்ணப்பட்டது. சரி."

வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இங்கே அண்ணன் நிற்கிறார், அங்கே டெரெக் போகிறார். அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

அது உண்மையா என்று அவர் கேட்கவில்லை.